2018 பிரெஸ்ஸாவா, 2021 பி.எஸ். 6 டீசலா? மதுரையில் பழைய டீசல் எஸ்.யூ.வி. வாங்கினால் என்ன செலவாகும்?

நத்தம்ரோடு

வணக்கம். நாலு மீட்டர் நீளத்துக்குள் ஒரு பழைய டீசல் எஸ்.யூ.வி. வாங்கப் பார்க்கிறேன். வீடு அய்யர் பங்களா. வேலை திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம். கோரிப்பாளையம் வழியாகப் போனால் காலையில் ஊர்ந்துதான் போக வேண்டும் என்பதால் உத்தங்குடி போய் ரிங் ரோட்டைப் பிடித்துக் கப்பலூரில் ஏறுகிறேன். போக வர 75 கி.மீ. ஆகிறது. மாதம் ஒரு தடவை மாமனார் ஊரான போடிக்குப் போவோம். ஆக மொத்தம் மாதம் 2,000 கி.மீ.க்குக் குறையாது.

இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2018 மாருதி விட்டாரா பிரெஸ்ஸா, டி.என். 59 பதிவு, ஒரே ஓனர், மீட்டரில் 82,000, ஆறே முக்கால் லட்சம் சொல்கிறார். இன்னொன்று 2021 டாடா நெக்ஸான் டீசல், இரண்டாவது ஓனர், 41,000 ஓடியிருக்கிறது, ஒரு பழைய கார் கடையில் நிற்கிறது, எட்டு லட்சம். வீட்டில் எல்லோருக்கும் நெக்ஸான்தான் பிடித்திருக்கிறது.

இஞ்சின் எத்தனை வருடம் தாங்கும், எல்லாம் சேர்த்து மாதம் எவ்வளவு ஆகும் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். இன்னொரு சந்தேகம்: பத்து வருடமான டீசல் வண்டியை ஓட்டவே கூடாது என்று வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருக்கிறதே, அது நம் ஊருக்கும் உண்டா?

டீசல்காதலன்

மாதம் 2,000 கி.மீ. ஓட்டுகிற ஆளுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? டீசல்தான்.

பிரெஸ்ஸாவில் இருப்பது ஃபியட்டின் மல்டிஜெட் இஞ்சின். 1,248 சி.சி., 90 குதிரைத் திறன், 200 நியூட்டன் மீட்டர் டார்க். ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா, சியாஸ், டாடா விஸ்டா, ஃபியட் புன்டோ என்று நாட்டில் பாதி வண்டிக்கு இதைத்தான் மாட்டினார்கள். எந்தப் பட்டறைக்குப் போனாலும் இதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த ஆள் இருப்பார், ஸ்பேருக்கு அலைய வேண்டாம். 2016 மார்ச்சில் பிரெஸ்ஸா வந்ததிலிருந்து 2020 தொடக்கம் வரை டீசலில் மட்டும்தான் விற்றது. குறை என்றால் டர்போ லேக். 2,000 ஆர்.பி.எம். தாண்டும் வரை வண்டி தூங்கும், தாண்டியதும் சட்டென்று இழுக்கும்.

நெக்ஸானில் 1.5 லிட்டர், 110 குதிரைத் திறன், 260 டார்க், ஆறு கியர். ஓட்டிப் பார்த்தால் அதுதான் வண்டி என்று தோன்றும். 2018 டிசம்பரில் குளோபல் என்.சி.ஏ.பி. மோதல் பாதுகாப்புச் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. பிரெஸ்ஸா நாலு.

வைகைக்கரை

பத்து வருடத் தடை டெல்லியையும் அதைச் சுற்றிய என்.சி.ஆர். பகுதியையும் பற்றியது. பசுமைத் தீர்ப்பாயம் போட்ட உத்தரவை 2018-ல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது, 2025-ல் கொஞ்சம் தளர்த்தியது. நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இங்கே சொந்த உபயோகக் காருக்கு ஆர்.சி. 15 வருடம். அதற்குப் பிறகு வண்டியைக் காட்டி எஃப்.சி. வாங்கி ஐந்தைந்து வருடமாக நீட்டிக்கொள்ளலாம்.

அந்தத் தடையால் டெல்லி டீசல் வண்டிகள் தென்னாட்டுப் பக்கம் மலிவாக வரும். விலையைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். அங்கே என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) எடுக்க வேண்டும், இங்கே ஆயுள் வரி கட்ட வேண்டும், நம்பர் மாற்ற வேண்டும். எல்லாம் முடிவதற்குள் மிச்சம் பிடித்த காசு போய்விடும்.

கணக்குப்பிள்ளை

பெட்ரோலா டீசலா என்பதற்கு முதலில் கணக்கைப் போடுவோம். டீசல் 93 ரூபாய், பெட்ரோல் 102 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். இந்த அளவு டீசல் வண்டி ஊருக்குள்ளும் ரிங் ரோட்டிலும் கலந்து ஓட்டினால் லிட்டருக்கு 18 கொடுக்கும். பிரெஸ்ஸாவுக்குக் கம்பெனி சொன்னது 24.3. அந்த எண் விளம்பரத்தோடு சரி. இதே அளவு பெட்ரோல் வண்டி 14 கொடுத்தால் நல்ல வண்டி.

2,000 கி.மீ.க்கு டீசல் 10,300 ரூபாய், பெட்ரோல் 14,600 ரூபாய். மாதம் 4,200-க்கு மேல் மிச்சம், வருடத்துக்கு 50,000. இதே ஆள் மாதம் 500 கி.மீ.தான் ஓட்டுகிறார் என்றால் மிச்சம் ஆயிரம் ரூபாய்தான். டீசலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் விலையும் ஆயில், ஃபில்டர், பேட்டரிச் செலவும் அதை விழுங்கிவிடும். நம் நண்பர் விஷயத்தில் டீசல் சரி.

ஆனால் எரிபொருளோடு செலவு நிற்காது. 10,000 கி.மீ.க்கு ஒரு சர்வீஸ் என்றால் இவருக்கு ஐந்து மாதத்துக்கு ஒன்று வரும். வெளியே செய்தாலும் ஒரு தடவைக்கு ஆறாயிரம், ஏழாயிரம். டயர் நாலும் மாற்ற 30,000 ஆகும், 45,000 கி.மீ. ஓடும் என்று வைத்துக்கொண்டால் அதுவே மாதம் 1,300. 1,000 சி.சி.யிலிருந்து 1,500 சி.சி. வரை உள்ள காருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் 3,416 ரூபாய், அதன் மேல் ஜி.எஸ்.டி. முழு இன்சூரன்ஸ் எடுத்தால் வருடம் 14,000, 15,000 வரை போகும். கிளட்ச், பேட்டரி, சஸ்பென்ஷன் புஷ் என்று எது எப்போது வரும் என்று சொல்ல முடியாது, மாதம் 1,500 தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். எல்லாம் கூட்டினால் மாதம் 15,500 ரூபாய்க்குப் பக்கம், கி.மீ.க்கு எட்டு ரூபாய். கடன் வாங்குவதாக இருந்தால் தவணை தனி. பழைய வண்டிக் கடனுக்குப் புது வண்டியைவிட வட்டி கூட என்பதையும் மறக்க வேண்டாம்.

கப்பலூர் எக்ஸ்பிரஸ்

கணக்குப்பிள்ளை அண்ணே, கப்பலூர் டோலை விட்டுவிட்டீர்களே! 2025-ல் 3,000 ரூபாய்க்கு வந்த வருடாந்திர ஃபாஸ்டேக் பாஸ் இவருக்குச் சரிப்படாது. அதில் 200 தடவைதான் கடக்கலாம். தினம் போக வர என்றால் நாலே மாதத்தில் தீர்ந்துவிடும். வீடு சாவடியிலிருந்து 20 கி.மீ.க்குள் இருந்தால் உள்ளூர் மாதப் பாஸ் உண்டு, 350 ரூபாய் அளவில். ஆதாரும் ஆர்.சி.யும் எடுத்துக்கொண்டு நேரில் போய்க் கேளுங்கள். ஆர்.சி. உங்கள் பெயருக்கு மாறிய பிறகு போங்கள், இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள்.

திருமங்கலம்காரர்கள் இந்தச் சாவடியையே எடுக்கச் சொல்லி வருடக்கணக்கில் போராடுகிறார்கள்...

நிர்வாகி

கப்பலூர் டோல் பற்றிப் பேச ஏற்கெனவே தனி இழை இருக்கிறது, அங்கே வாருங்கள். அப்படியே ஒரு நினைவூட்டல்: சொந்தத் தகராறு எழுதும்போது ஷோரூம், சர்வீஸ் சென்டர், கடை பெயர் போட வேண்டாம்.

பட்டறை செல்லூர்

தம்பி, நீங்கள் கம்பெனியைப் பார்க்கிறீர்கள், வருடத்தைப் பார்க்கிறீர்கள், மீட்டரைப் பார்க்கிறீர்கள். அந்த வண்டி எப்படி ஓடியது என்று கேட்கவே இல்லை. ஹைவேயில் ஒரே சீராக ஓடி, நேரத்துக்கு ஆயில் மாற்றிய ஒன்றரை லட்சம் கி.மீ. டீசல் வண்டியை நான் தைரியமாக வாங்கச் சொல்வேன். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் காய்கறி வாங்கி வந்த 40,000 கி.மீ. டீசல் வண்டியைப் பத்துத் தடவை யோசிக்கச் சொல்வேன். டீசல் இஞ்சின் சூடேறி ஓடினால்தான் ஆரோக்கியமாக இருக்கும். சின்னச் சின்ன ஓட்டத்தில் புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இஞ்சினுக்குள் விடும் ஈ.ஜி.ஆர். வால்விலும் காற்று உள்ளே போகும் இன்டேக்கிலும் கரி பிசின் மாதிரி அப்பிக்கொள்ளும். கழற்றினால் கையால் வழித்தெடுக்கலாம்.

பார்க்கப் போகிறவர் காலையில் போங்கள். நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கை வைத்துப் பாருங்கள், சில்லென்று இருக்க வேண்டும். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். குளிர்ந்த இஞ்சின் ஒரே சுற்றில் பிடிக்க வேண்டும். பிரெஸ்ஸாவின் அந்த 1.3 லிட்டர் இஞ்சினில் ஸ்டார்ட் ஆன முதல் ஓரிரு நொடி டைமிங் செயின் பக்கமிருந்து கடகடவென்று சத்தம் வந்து அடங்கினால் செயினும் டென்ஷனரும் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம், விலையில் கழியுங்கள். புகையைப் பாருங்கள். மிதிக்கும்போது லேசாகக் கறுப்பு வந்து மறைந்தால் பரவாயில்லை. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் கிளம்பி வந்துவிடுங்கள்.

இஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். கொஞ்சம் ஆவி வரும். குபுகுபுவென்று தள்ளினால் பிஸ்டன் ரிங் போய்விட்டது. கூலன்ட் டேங்கில் கூலன்டின் நிறம் இல்லாமல் துருத் தண்ணீர் நின்றால் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டி. ரோட்டில் நாலாவது கியரில் 40-ல் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். ஆர்.பி.எம். மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்தது.

கடைசியாக ஒரு பட்டறைக்குக் கொண்டு வந்து இன்ஜெக்டர் ரிட்டர்ன், அதாவது டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரிலிருந்து திரும்பி வரும் டீசலின் அளவு, பார்க்கச் சொல்லுங்கள். நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் நாலு சின்ன பாட்டிலில் விட்டு இஞ்சினை ஓடவிடுவோம். நாலும் ஒரே மட்டத்தில் ஏறினால் நிம்மதி. ஒன்று மட்டும் வேகமாக நிறைந்தால் அந்த இன்ஜெக்டர் கசிகிறது. புதுசு ஒன்றே பதினைந்தாயிரத்துக்கு மேல் போகும். ரீகண்டிஷன் செய்யலாம், ஆனால் செய்கிற ஆள் கை சுத்தமாக இருக்க வேண்டும்.

மேலூர் ரோடு

பி.எஸ். 6 மாசு விதிப்படி வந்த டீசல் பற்றி என் பங்குக்கு. வண்டிப் பெயர் வேண்டாம், நிர்வாகி திட்டுவார்.

எங்கள் வீட்டில் அப்பா பெயரில் ஒரு பி.எஸ். 6 டீசல் இருக்கிறது. அவர் ஓட்டுவது மார்க்கெட், கோயில், பேரனின் பள்ளிக்கூடம், அவ்வளவுதான். ஒரு நாள் டி.பி.எஃப். (புகைக் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) விளக்கு எரிந்தது. சர்வீஸ் சென்டரில் லேப்டாப்பை மாட்டிக் கட்டாய ரீஜெனரேஷன், அதாவது பிடித்த கரியை எரிக்கிற வேலை, போட்டார்கள். வாசலில் வண்டி தானாக உறுமிக்கொண்டு நின்றது, சைலன்ஸர் பக்கம் போக முடியவில்லை, அவ்வளவு அனல். சில வாரத்தில் திரும்பவும் எரிந்தது. ஃபில்டரே மாற்ற வேண்டுமென்றால் செலவு லட்சத்தைத் தொடும் என்று பயமுறுத்தினார்கள். அப்புறம் நானே வாரம் ஒரு தடவை நாலுவழிச் சாலையில் கொட்டாம்பட்டி வரை ஓட்டிக்கொண்டு போய் வர ஆரம்பித்தேன். மூன்றாவது கியர், நாலாவது கியரில் 2,000-க்குக் கீழே இறங்காமல். அதற்குப் பிறகு விளக்கு வரவில்லை.

விஷயம் இதுதான். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்ததிலிருந்து டீசல் கார்களில் இந்த ஃபில்டர் இருக்கிறது. புகையில் வரும் கரியைப் பிடித்து வைத்துக்கொண்டு, 600 டிகிரி அளவுக்குச் சூடேறும்போது எரித்துவிடும். அந்தச் சூடு வர வண்டி நிற்காமல் இருபது நிமிடமாவது ஓட வேண்டும். ஊருக்குள்ளேயே சுற்றினால் அது நடக்காது. பாதியில் ஆஃப் பண்ணிக்கொண்டே இருந்தால் எரிப்பதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சும் டீசல் சிலிண்டர் வழியே ஆயிலில் கலந்துவிடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் குறையாமல் ஏறியிருந்தால் அதுதான் காரணம்.

நத்தம்ரோடு ரிங் ரோட்டில் தினமும் ஓட்டுகிறவர். அவருக்கு பி.எஸ். 6 பிரச்சினை தராது. முந்தின ஓனர் எப்படி ஓட்டினார் என்பதுதான் கேள்வி.

நத்தம்ரோடு

எல்லோருக்கும் நன்றி. செல்லூர் அண்ணே சொன்னதை அப்படியே போனில் ஏற்றிக்கொண்டேன். டாடா, மாருதி தவிர வேறு எதுவும் பார்க்கலாமா? ஃபோர்டு எகோஸ்போர்ட் மலிவாகக் கிடைக்கிறது.

போடிமெட்டு

எகோஸ்போர்ட் ஓட்டுவதற்கு அருமையான வண்டி தம்பி, வளைவில் ரோட்டைவிட்டு நகராது. ஆனால் ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. மறைமலை நகர் ஆலையைத் திரும்பத் திறப்பதாக 2024-ல் சொன்னதை நம்பி வாங்காதீர்கள், அது ஏற்றுமதிக்கு. ஃபில்டர், பிரேக் பேட் எல்லாம் கிடைக்கிறது. முன்பக்கம் எங்காவது இடித்து ஹெட்லைட்டும் பம்பரும் தேடினால்தான் நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். தினமும் வேலைக்குப் போகிற ஒரே வண்டி என்றால் யோசியுங்கள். அதன் 1.5 டீசலில் டைமிங் பெல்ட். பெல்ட்டை மாற்றிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஓடும்போது அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடிக்கும், அப்புறம் இஞ்சினைத் திறப்பதைத் தவிர வழியில்லை.

மஹிந்திரா எக்ஸ்.யூ.வி. 300-ஐயும் பாருங்கள். 2019-ல் வந்தது, 117 குதிரைத் திறன், 300 டார்க். மலைக்கு அதை அடிக்க இந்த வகையில் ஆளில்லை. டிக்கி மட்டும் சின்னது.

நீங்கள் போடிக்கு வருகிறவர் என்பதால் ஒன்று சொல்கிறேன். நான் வாரா வாரம் போடிமெட்டு ஏறுகிறவள், ஓட்டுவது அதே 1.3 இஞ்சின்தான். பதினேழு கொண்டை ஊசி. வளைவுக்கு முன்னாலேயே இரண்டாவதுக்கு வந்துவிட வேண்டும், சில இடத்தில் முதல் கியர். மூன்றாவதிலேயே திருப்பிவிடலாம் என்று நினைத்தால் டர்போ தூங்கும், பாதி வளைவில் வண்டி நிற்கும், பின்னால் ஏலக்காய்த் தோட்டத்து ஜீப் ஹாரனை அமுக்கும். கிளட்சை அரைமிதியில் வைத்துச் சமாளிக்கிறவர்கள் வண்டியில்தான் கிளட்ச் சீக்கிரம் போகிறது. இறங்கும்போது ஏறின கியரிலேயே இறங்குங்கள், பிரேக்கைக் காய வைக்காதீர்கள். மேலே போய் நிறுத்தினால் உடனே சாவியைத் திருகாமல் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள், டர்போவுக்கு ஆயில் ஓடட்டும்.

முத்துநகர்

யாரும் வெள்ளத்தைப் பற்றிச் சொல்லவில்லை. 2023 டிசம்பரில் சென்னையில் புயல் வெள்ளம், இரண்டு வாரத்துக்குள் எங்கள் தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் பெருவெள்ளம். தண்ணீரில் நின்ற கார்கள் எத்தனை என்று கணக்கே இல்லை. எல்லாம் கழிவுக்குப் போனதா? கழுவித் துடைத்து வேறு ஊர்ச் சந்தைக்கு வந்தவை இருக்கும். மதுரை பக்கத்துச் சந்தை.

கண்டுபிடிக்க லேப்டாப் வேண்டாம். சீட் பெல்ட்டை முடிகிற வரை இழுங்கள். மேலே பளிச்சென்று இருக்கும், கடைசி அரை அடியில் சேற்றுக் கோடு தெரியும். அதைக் கழுவ யாருக்கும் தோன்றாது. சீட்டைப் பின்னால் தள்ளித் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா பாருங்கள். ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் டார்ச் அடியுங்கள். ஏ.சி.யை வெப்பத்தில் வைத்து ஐந்து நிமிடம் கண்ணாடியை மூடி உட்காருங்கள், ஈர மண் வாசனை வந்தால் இறங்கிவிடுங்கள்.

நத்தம்ரோடு

இரண்டையும் பார்த்துவிட்டு வந்தேன்.

முதலில் நெக்ஸான். பளபளவென்று நிற்கிறது, உள்ளே வாசனைத் திரவியம் மணக்கிறது. ஸ்டார்ட் பண்ணினால் சத்தமே வித்தியாசமில்லை. ஓட்டினால் டீசல்காதலன் சொன்ன மாதிரியே இழுக்கிறது. கடைக்காரர் நல்லபடியாகப் பேசினார், காபி எல்லாம் வந்தது. ஆனால் கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. டிரைவர் சீட்டின் வலது ஓரம் அமுங்கிப்போய் இருக்கிறது. டயரில் தயாரித்த வாரமும் வருடமும் சொல்லும் நாலு இலக்க எண்ணைப் பார்த்தேன். மூன்றில் 2021, ஒன்றில் 2023. 41,000-க்கு இது சரியாக வருமா?

பிரெஸ்ஸா திருநகரில். ஓனர் ஓய்வுபெற்ற ஆசிரியர், விருதுநகருக்குத் தினமும் ஓட்டிப் போய் வந்திருக்கிறார். பானட் சில்லென்று இருந்தது. ஒரே சுற்றில் பிடித்தது, செயின் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. சர்வீஸ் பில் எல்லாம் ஒரு மஞ்சள் பையில் தேதிவாரியாக அடுக்கி வைத்திருக்கிறார். இரண்டு குறை. கிளட்ச் ரொம்ப மேலே வந்து பிடிக்கிறது, நாலாவது கியர் சோதனையில் லேசாக வழுக்குகிற மாதிரி இருந்தது. இன்னொன்று, இடது பின் கதவுக் கண்ணாடியில் உள்ள குறியில் வருடம் வேறு, மற்றதெல்லாம் ஒன்று. கேட்டால் பசங்க கிரிக்கெட் பந்து என்கிறார்.

பட்டறை செல்லூர்

கண்ணாடி மட்டும் மாறியிருந்தால் ஒன்றுமில்லை, பந்து படாத கண்ணாடி எது? அந்தக் கதவின் கீலில் இருக்கும் போல்ட் தலையைப் பாருங்கள். பெயின்ட் உடையாமல் இருந்தால் கதவு கழன்றதே இல்லை. கதவு ஓரத்து ரப்பரை விலக்கினால் பாடி விளிம்பில் வட்ட வட்டமாக ஸ்பாட் வெல்டிங் தெரிய வேண்டும். பட்டி பூசி மெழுகியிருந்தால் இடித்த வண்டி.

நெக்ஸான் சந்தேகம்தான். வண்டி நம்பரைக் கொடுத்துக் கம்பெனி சர்வீஸில் ஹிஸ்டரி கேளுங்கள். ஓனர் சம்மதம் கேட்பார்கள். கடைக்காரர் வாங்கித் தர மறுத்தால் அதுவே பதில்.

டீசல்காதலன்

ஒரு டயர் பஞ்சராகி மாற்றியிருக்கலாம், அதற்காக வண்டியை ஒதுக்குவதா? பி.எஸ். 6, ஐந்து நட்சத்திரம், மூன்று வருடம் புதுசு.

நத்தம்ரோடு

ஹிஸ்டரி வந்துவிட்டது. 2023 ஜூன் சர்வீஸில் 58,000 என்று பதிவாகியிருக்கிறது. இன்றைக்கு மீட்டரில் 41,000. கடைக்காரரிடம் காட்டினேன். "நாங்கள் வாங்கும்போதே இப்படித்தான் சார் இருந்தது, வேண்டுமானால் அரை லட்சம் குறைத்துத் தருகிறேன்" என்றார்.

கணக்குப்பிள்ளை

அரை லட்சமா! இப்போது எவ்வளவு ஓடியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாத வண்டிக்கு என்ன விலை போடுவது? மேலூர் ரோடு சொன்ன ஃபில்டர் எந்த நிலையில் இருக்கிறதோ. இதில் நெக்ஸான் மேல் குற்றமில்லை, எந்தக் கம்பெனி வண்டியிலும் இந்த வேலையைச் செய்வார்கள். நேர்மையான ஹிஸ்டரியோடு வேறு நெக்ஸான் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். இதைத் தொட வேண்டாம்.

டீசல்காதலன்

சரி, இந்த நெக்ஸானுக்கு இனி நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

பட்டறை செல்லூர்

பிரெஸ்ஸாவுக்குக் கிளட்ச் செட் மாற்ற வெளியே கூலியோடு பன்னிரண்டாயிரத்திலிருந்து பதினைந்தாயிரம் வரை ஆகும். தினம் விருதுநகர் ஓடின வண்டிக்கு 82,000-ல் கிளட்ச் போவது கொஞ்சம் சீக்கிரம்தான். ஆசிரியர் பெடல் மேல் காலை வைத்தே ஓட்டியிருப்பார், அதற்காக இஞ்சினைச் சந்தேகப்பட வேண்டாம். கேட்கும் விலையில் 40,000 குறைக்கச் சொல்லுங்கள். கிளட்ச், டீசல் ஃபில்டர், கூலன்ட், பெல்ட் எல்லாம் மாற்றிவிட்டு நிம்மதியாக ஓட்டலாம். வாங்கிய கையோடு ஃபில்டரின் அடியில் தண்ணீர் பிரிக்கும் திருகைத் திறந்து ஒரு தடவை வடித்துவிடுங்கள். இன்ஜெக்டர் ரிட்டர்ன் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

போடிமெட்டு

விலை பேசும்போது ஆசிரியர் எதிரே பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு குறை சொல்லாதீர்கள் தம்பி. எட்டு வருடம் பில்லை மஞ்சள் பையில் அடுக்கி வைத்தவர், மனசு சங்கடப்பட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். பட்டறை எஸ்டிமேட்டைக் கையில் கொடுங்கள், அது பேசும்.

நத்தம்ரோடு

அக்கா சொன்ன மாதிரியே எஸ்டிமேட்டைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார், "கூலி ஜாஸ்தியாப் போட்டிருக்கான்" என்றார். ஆறு லட்சத்து நாற்பதுக்கு முடிந்தது. கதவு போல்டில் பெயின்ட் உடையவில்லை. இன்ஜெக்டர் மூன்று ஒரே மட்டம், ஒன்று மட்டும் ஒரு விரல் கூட. பட்டறையில் இப்போதைக்கு ஓட்டலாம் என்றார்கள்.

இனி பேப்பர் வேலை. வண்டி மேல் முன்பு வங்கிக் கடன் இருந்திருக்கிறது, கட்டி முடித்துவிட்டார், ஆனால் ஆர்.சி.யில் இன்னும் வங்கிப் பெயர் நிற்கிறது. வடக்கு ஆர்.டி.ஓ. பதிவு. என்னென்ன வாங்க வேண்டும்? இன்சூரன்ஸ் அவர் பெயரில் இன்னும் ஏழு மாதம் இருக்கிறது, அப்படியே ஓட்டலாமா?

வைகைக்கரை

அடமானம் நீக்க படிவம் 35, வங்கியின் என்.ஓ.சி. இரண்டும் வேண்டும். வங்கி என்.ஓ.சி.க்குப் பெரும்பாலும் மூன்று மாதம்தான் ஆயுள். கடன் முடிந்தபோது வாங்கிப் பீரோவில் வைத்ததாக இருந்தால் செல்லாது, புதிதாக வாங்கச் சொல்லுங்கள். பெயர் மாற்றப் படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30, இன்சூரன்ஸ், புகைச் சான்று, இருவரின் ஆதார், பான். முழுப் பணம் கொடுப்பதற்கு முன்னால் எம்பரிவாகன் செயலியில் அபராதம் எதுவும் நிற்கிறதா என்று பாருங்கள்.

இன்சூரன்ஸை அப்படியே ஓட்டக் கூடாது. வாங்கிய 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் உங்கள் வண்டிச் சேதத்துக்கு ஒரு பைசா வராது. இழப்பீடு கேட்காததற்கு அவருக்குக் கிடைத்த நோ கிளெய்ம் போனஸ் தள்ளுபடி அவரோடு போய்விடும், அந்த வித்தியாசத்தை உங்களிடம் கேட்பார்கள். அதைப் பார்த்து ஏஜென்ட் ஏமாற்றுகிறார் என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

பட்டறை செல்லூர்

அந்த ஒரு விரல் கூட இருக்கிற இன்ஜெக்டர் எத்தனையாவது சிலிண்டர் என்று எஸ்டிமேட்டின் பின்னால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சர்வீஸில் அதையே திரும்ப அளக்க வேண்டும். அதுவரை டீசல் போடும் பங்க்கை மாற்றாதீர்கள், டேங்கைக் கால்வாசிக்குக் கீழே விடாதீர்கள்.